வீம்புக்குப் படித்த ஜெர்மன்

பன்னிரண்டாம் வகுப்பில் மேல்நிலை ஜெர்மன் எடுத்திருந்தவர்கள் இரண்டே பேர். அந்த இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மொழி சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனை உண்டா என்று ஜெர்மன் டீச்சர் ஆசிரியர் அறையில் வாய்விட்டே புலம்புவார்.

ஒருத்தி கடுகு. ஆள் சின்னது, கோபம் பெரியது என்று கூடப் படித்தவர்கள் வைத்த பெயர். இன்னொருத்தி அவளுடைய பெரியப்பா மகள். சில மாதங்கள் மூத்தவள், கழுத்தும் காலும் நெடுநெடுவென்று வளர்ந்தவள். கடுகு தன் மனசுக்குள் அவளுக்கு ஒட்டகம் என்று பெயர் வைத்திருந்தாள். இருவரும் இருந்தது ஒரே வீடுதான். கீழே பெரியப்பா குடும்பம், மாடியில் கடுகின் குடும்பம். காலையில் ஒரே நேரத்தில் கிளம்பினாலும் ஒருத்தி தெருவின் இந்த ஓரமாகவும் மற்றவள் அந்த ஓரமாகவும்தான் பள்ளிக்கூடம் போவார்கள்.

ஒன்பதாம் வகுப்பில் ஜெர்மன் சேர்ந்தபோது இப்படி இல்லை. அப்போது ஒருத்தி சேர்ந்தாள் என்பதற்காகவே மற்றவளும் சேர்ந்தாள். வகுப்பு நிறைய ஆட்கள் இருந்தார்கள். பெயர்ச்சொல் ஒவ்வொன்றும் ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா என்று நெட்டுருப் போட வேண்டிவந்ததும் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். மேல்நிலைக்கு வந்து, பக்கம் பக்கமாகக் கட்டுரை எழுதச் சொன்னதும் மீதிப் பேரும் ஓடிவிட்டார்கள். கடுகும் ஓடியிருப்பாள். ஆனால் ஒட்டகம் இருக்கும்போது தான் விலகுவதா? ஒட்டகத்துக்கும் அதே நினைப்புதான். முதலில் எழுந்து போகிறவள் தோற்றவள். இப்படி, மொழி மேல் துளி ஆசை இல்லாமல், வெறும் வீம்புக்காகவே இரண்டு பேரும் நன்றாகப் படித்தார்கள்.

வகுப்பறை மாடிப்படிக்குக் கீழே இருந்த ஒரு சின்ன அறை. மூன்று மேஜை. நடுவில் இருந்த மேஜையில் யாரும் உட்காருவதில்லை. டீச்சர் ஒருத்தியிடம் கேள்வி கேட்பார், பதில் வரும். மற்றவளிடம் கேட்பார், பதில் வரும். "இப்ப நீங்க ரெண்டு பேரும் பேசுங்க" என்றால்தான் வினை.

நம் மொழியைப் போலவே ஜெர்மனிலும் 'நீ' வேறு, 'நீங்கள்' வேறு. டூ என்றால் நீ. ஸீ என்றால் நீங்கள். நண்பர்கள், வீட்டார், கூடப் படிப்பவர்கள் எல்லாரும் டூ. அறிமுகம் இல்லாதவர், அதிகாரி, கடைக்காரர் என்றால் ஸீ. கடுகும் ஒட்டகமும் ஒருவரையொருவர் ஸீ போட்டுத்தான் பேசுவார்கள்.

"தாங்கள் தங்கள் பையை என் வழியிலிருந்து எடுத்தால் நன்றியுடையவளாக இருப்பேன்."

"தாங்கள் கண்ணைத் திறந்து நடந்தால் அது வழியில் இல்லை என்பது தெரியவரும்."

டீச்சர் தலையில் கைவைத்துக்கொள்வார். "ஒரே வகுப்புல படிக்கிற பொண்ணுங்க ஸீன்னு பேசினா, கேக்கறவங்க சிரிப்பாங்கடி!"

"மரியாதைதானே டீச்சர்" என்பாள் ஒட்டகம்.

"பெரியவங்க ஆச்சே டீச்சர்" என்பாள் கடுகு.

இந்தப் பகை அவர்கள் உண்டாக்கியது அல்ல, வீட்டிலிருந்து வந்தது. அவர்களுடைய தாத்தா ஸ்டீம் லாண்டரி ஒன்று ஆரம்பித்து, இரண்டு மகன்களையும் அதிலேயே வளர்த்தவர். முழங்கால் போனபிறகு கீழ்வீட்டின் பின்னறையில் கட்டிலில்தான் இருந்தார், துணையில்லாமல் நடக்க முடியாது. காலையில் அவரைப் பார்த்துக்கொள்வது பெரியம்மா. மதியத்துக்கு மேல் கடுகின் அம்மா. ஒருநாள் மதியம், பெரியம்மா வெளியே போயிருந்தாள். தங்கச்சி இறங்கி வந்திருப்பாள் என்று அவள் நினைத்தாள். அக்கா இன்னும் வீட்டில்தான் இருப்பாள் என்று மாடியில் இருந்தவள் நினைத்தாள். தாத்தா தானே எழுந்து குளியலறைக்குப் போய் விழுந்து, யாரும் வருவதற்குள் இறந்துபோனார்.

"நீ கதவைப் பூட்டிட்டு ஊர் சுத்தப் போனே" என்றாள் ஒருத்தி. "நீ மேலே படுத்துத் தூங்கினே" என்றாள் மற்றவள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய கையோடு ஆரம்பித்த சண்டை அது. வீட்டுக்குள் இருந்த படிக்கட்டைப் பலகை அடித்து மூடினார்கள். மாடிக்குப் போக வெளியே இரும்புப் படிக்கட்டு வந்தது. கடுகின் அப்பா லாண்டரியை விட்டு விலகி, அண்ணன் கடைக்கு நேர் எதிரிலேயே இன்னொரு லாண்டரி போட்டார். அண்ணன் 'ஒரே நாளில் டெலிவரி' என்று பலகை மாட்டினால், தம்பி மறுநாளே 'அரை நாளில் டெலிவரி' என்று மாட்டினார். அண்ணன் தம்பி இரண்டு பேருடைய இஸ்திரி போடுகிறவர்களும் இடுப்பு ஒடியும் அளவுக்கு மாய்ந்தார்கள்.

கடைசி வருஷம் பாதி கடந்தபோது டீச்சர் ஒரு செய்தியோடு வந்தார். வாய்மொழித் தேர்வு இனிமேல் தனித்தனியாக இல்லை. இரண்டிரண்டு பேராக. கொடுக்கிற தலைப்பில் ஒருவர் ஒரு பக்கம், மற்றவர் எதிர்ப்பக்கம் நின்று பேச வேண்டும், கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வரவேண்டும்.

"நான் தனியா பேசறேன் டீச்சர்" என்றாள் கடுகு.

"நானும்" என்றாள் ஒட்டகம்.

"இதுல மட்டும் ஒத்துப்போங்க! தனியா யார்கிட்ட பேசுவீங்க, சுவத்துக்கிட்டயா? இங்க இருக்கறதே ரெண்டு பேரு. நான் ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்டயும் கேட்டாச்சு. இஷ்டமில்லாதவங்க எழுந்து போகலாம்னு சொல்லிட்டாங்க."

இரண்டு பேரும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

பயிற்சி என்ற பெயரில் நடந்ததைப் பார்த்தால் யாருக்கும் வயிறு எரியும். சைக்கிள் நல்லதா கார் நல்லதா என்று பேசச் சொன்னால், ஒருத்தி மூச்சுவிடாமல் பேசி மற்றவளுக்கு இடமே கொடுக்கமாட்டாள். கடுகு வேகமாகப் பேசுவாள். வேகத்தில் வாக்கியத்தின் கடைசியில் வரவேண்டிய வினைச்சொல்லை விழுங்கிவிடுவாள். ஒட்டகம் நிறுத்தி நிதானமாகப் பேசுவாள், ஆனால் எது ஆண்பால், எது பெண்பால் என்பதில் அடிக்கடி சறுக்குவாள். "மேஜையைப் பொம்பளை ஆக்கிட்டீங்க" என்று கடுகு நடுவில் புகுந்து சொல்வாள். "தாங்கள் என்ன செய்தீர்கள் என்றே தங்கள் வாக்கியத்தில் இல்லையே" என்று அவள் திருப்பிக் கொடுப்பாள்.

தேர்வில் அவளைத் திருத்தியே கவிழ்ப்பது என்று கடுகு தீர்மானித்திருந்தாள். தேர்வாளர் முன்னால், சிரித்த முகத்தோடு, ஒவ்வொரு தப்பையும் எடுத்துக்காட்ட வேண்டும். அதற்காகவே ஒட்டகம் தடுமாறும் சொற்களையெல்லாம் மனசில் குறித்துவைத்தாள். தன் தப்புகளைச் சரிசெய்வதைவிட அதில்தான் அவளுக்கு ருசி இருந்தது.

தேர்வு நூலகத்தில் நடந்தது. வெளியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் இருமல் மிட்டாய் சப்பிக்கொண்டிருந்த வயதானவர். அவர் பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். நம்ம டீச்சர் ஓரமாக ஒரு நாற்காலியில், தனக்கே தேர்வு நடப்பதுபோல முந்தானையைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வயதானவர் ஒரு அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். 'முதியவர்களை வீட்டில் வைத்துப் பராமரிப்பதா, முதியோர் இல்லத்திலா?' கடுகு வீட்டின் பக்கம் பேசவேண்டும். ஒட்டகம் இல்லத்தின் பக்கம்.

வருஷா வருஷம் எல்லாத் தேர்விலும் வரும் தலைப்புதான். டீச்சர் பாடமாகவே நடத்தியிருந்தார். ஆனாலும் அட்டையைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிப்போனது. அந்தக் குடும்பத்துக் கதை பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்.

கடுகு மனப்பாடத்திலிருந்து தொடங்கினாள். "என் கருத்துப்படி, வயதானவர்களுக்குச் சொந்த வீடே சிறந்த இடம். அங்கேதான் அவர்களுக்கு அன்பு கிடைக்கிறது."

"நீங்கள் சொல்வதை நான் மதிக்கிறேன்" என்றாள் ஒட்டகம். "ஆனால் இல்லத்தில் பயிற்சி பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள். எந்நேரமும் யாராவது பக்கத்தில் இருப்பார்கள்."

"வீட்டிலும் இருக்கலாம். இருக்க மனசு இருந்தால்." கடுகு தேர்வாளர்களைப் பார்த்துப் புன்னகைத்தாள். "சிலர், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார்கள். அவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

ஒட்டகத்தின் கழுத்து சிவந்தது. "சிலர் மாடியில் படுத்துத் தூங்குகிறார்கள். கீழே ஒருவர் கூப்பிட்டால் அவர்களுக்குக் காது கேட்பதில்லை. அவர்களைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"தூங்கியதாக யார் சொன்னது?"

"பூட்டியதாக யார் சொன்னது?"

டீச்சர் லேசாக இருமினார். யாரும் அவர் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு ஸீ காணாமல்போனது. எந்த வாக்கியத்தில் போனது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. மூக்குக்கு மேல் கோபம் ஏறியபிறகு 'தாங்கள்' எங்கே நிற்கும்? ஜெர்மனிலேயே, ஆனால் வீட்டு முற்றத்தில் நின்று கத்துவதைப்போல, நீ, உன், உங்கப்பா என்று பொரிந்து தள்ளினார்கள்.

"உங்கம்மா ஒரு மணி நேரம் இருந்திருந்தா அவர் செத்திருக்க மாட்டார்" என்றாள் கடுகு. "சொந்த வீட்டுல, சொந்தக் கட்டில்ல, நிம்மதியா இருந்திருப்பார்."

"நிம்மதியா? அவர் அந்தக் கட்டில்ல இருக்கவே விரும்பல. அது உனக்குத் தெரியுமா?"

"உளறாதே."

"அவரே இல்லத்துக்குப் போகணும்னு கேட்டார். பஸ் டெப்போவுக்குப் பின்னால இருக்கே, அங்க. நான்தான் கைத்தாங்கலா ஆட்டோவுல ஏத்திக் கூட்டிட்டுப் போனேன். ஒரு தடவை இல்ல, பல தடவை. அங்க சீட்டு விளையாட ஆளு இருக்கு, பேச ஆளு இருக்கு, குளிக்கிற இடத்துல பிடிச்சுக்கக் கம்பி இருக்கு. எங்கப்பாகிட்ட கேட்டார். நான் செத்த பிறகு போங்கன்னு சொல்லிட்டார். அப்புறம் உங்கப்பாகிட்ட கேட்டார். அவரும் அதையேதான் சொன்னார். தெருவுல தலைகாட்ட முடியாதாம். அந்த ரெண்டு பேரும் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்துலதான்."

"பொய்!"

"போய் உங்கப்பாவைக் கேளு."

"உண்மையா இருந்தா இத்தனை நாளா ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ எங்க பேச விட்டே? மரியாதை மரியாதைன்னு சொல்லி மூஞ்சில காறித் துப்பிக்கிட்டே இருந்தே!"

ஒட்டகம் பேசிய பேச்சில் பெயர்ச்சொற்கள் தலைகீழாகக் கிடந்தன. கட்டில் பெண்ணாகியிருந்தது, இல்லம் ஆணாகியிருந்தது. திருத்தவேண்டும் என்று வந்தவளுக்கு ஒன்றுகூடக் காதில் விழவில்லை.

வயதானவர் மிட்டாய் சப்புவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார். கண்ணாடி போட்ட அம்மாள்தான் கடமைக்குக் கேட்டார். "நேரம் முடிந்தது. கடைசியாக, நீங்கள் இருவரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டீர்களா?"

"இல்லை" என்றார்கள் இருவரும், ஒரே குரலில்.

வெளியே வந்ததும் ஒட்டகம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டைத் தாண்டிப் போய்விட்டாள். டீச்சர் கடுகை மட்டும் குழாயடியில் பிடித்துக்கொண்டார்.

"என்னடி பண்ணி வச்சிருக்கீங்க? நான் சொல்லிக்கொடுத்ததுல ஒரு வாக்கியம் பேசினீங்களா? வெளியாளுங்க முன்னால என் மானத்தை வாங்கறதுக்குன்னே பெத்துப்போட்டாங்களா உங்க ரெண்டு பேரையும்?"

"ஃபெயிலா டீச்சர்?"

"எனக்கென்ன தெரியும்? போ, என் கண்ணு முன்னால நிக்காதே."

கடுகு நேராக அப்பாவின் கடைக்குப் போனாள். ஒரு விடுதியின் படுக்கை விரிப்புகள் வந்து குவிந்திருந்தன. விரிப்பு மடிப்பதற்கு இரண்டு ஆள் வேண்டும். அப்பா ஒரு முனையை அவளிடம் நீட்டினார். இருவரும் எதிரெதிரே நின்று இழுத்து உதறி, நெருங்கி வந்து மடித்தார்கள். மூன்றாவது விரிப்பில் அவள் கேட்டாள்.

"தாத்தா இல்லத்துக்குப் போறேன்னு உங்ககிட்ட கேட்டாராப்பா?"

அப்பாவின் கை நின்றது. "யாரு சொன்னா?"

"கேட்டாரா, இல்லையா?"

"அந்த வீட்டுப் பேச்சைக் கேட்டுட்டு வந்து என்னை விசாரணை பண்றியா?"

"கேட்டாரா?"

"அவர் ஆயிரம் கேட்பார்! வயசானவங்க கேக்கறதுக்கெல்லாம் தலையாட்டணும்னு இருக்கா?" சொன்னபிறகுதான் அவருக்கே உறைத்தது, தான் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்று. கையிலிருந்த முனையை விட்டுவிட்டார். வெளுத்த விரிப்பு ஈரத்தரையில் விழுந்தது. "ரெண்டு ஆம்பளைப் புள்ளைங்க இருந்தும் அப்பனைக் கொண்டுபோய் இல்லத்துல தள்ளிட்டானுங்கன்னு நாலு பேரு பேசமாட்டாங்களா? துணி போட வர்றவன் என் மூஞ்சில முழிப்பானா?"

"இப்ப மட்டும் என்ன நல்லதா பேசறாங்க?"

அப்பா கையை ஓங்கினார். இஸ்திரி போடுகிறவர் "அண்ணே" என்று ஒரு அடி முன்னால் வந்தார். ஓங்கிய கை அப்படியே கீழே இறங்கியது. "வீட்டுக்குப் போ. இன்னொரு தடவை அந்தப் பொண்ணோட பேசினேன்னு தெரிஞ்சா காலை உடைச்சிடுவேன்."

"பரீட்சையே அவளோட பேசறதுதான்ப்பா" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி நடந்தாள்.

வீட்டில் அம்மா காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். கடுகு அதே கேள்வியை அவளிடமும் கேட்டாள். அம்மா பதற்றப்படவே இல்லை. அதுதான் கடுகுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

"தெரியும். அவர் கேட்டப்ப நான் கதவோரமாத்தான் நின்னுக்கிட்டு இருந்தேன்."

"தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு நாளா பெரியம்மாவைக் கரிச்சுக்கொட்டினியா?"

"அவ என்னைச் சொன்னா. நான் அவளைச் சொன்னேன்." அம்மா ஒரு சட்டையை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "பின்ன, உங்கப்பாவைச் சொல்லச் சொல்றியா? சொல்லிட்டு நான் எங்க போய் இருக்கட்டும்?"

கீழே பெரியம்மாவும் இதையேதான் சொல்லுவாள் என்று கடுகுக்குத் தோன்றியது. இரண்டு பெண்களும் ஒருவர் மயிரை ஒருவர் பிடித்துக்கொண்டு, இரண்டு ஆண்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். இரக்கப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அவளுக்கு ஆத்திரம்தான் வந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

விஷயம் அதோடு அடங்கவில்லை. ஒட்டகமும் தன் வீட்டில் வாயைத் திறந்திருக்கிறாள். மறுநாள் காலை கடைகள் திறந்து கொஞ்ச நேரத்தில் பெரியப்பா தன் கடை வாசலில் வந்து நின்றார். எதிர்க்கடையைப் பார்த்து, தாத்தா இறந்தபிறகு முதல்தடவையாகத் தம்பியோடு நேராகப் பேசினார்.

"டேய்! உன் பொண்ணு என் பொண்ணோட வாயைக் கிளறி என்னடா கதை கட்டுது?"

கடுகின் அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு வெளியே வந்தார். "கதை கட்டினது உன் பொண்ணு! அப்பா கேட்டது உன்கிட்டத்தான் முதல்ல. மூத்தவன் நீ. சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் குறுக்கே நின்னிருப்பேனா?"

"நீ சரின்னு சொல்லியிருந்தா நான் அனுப்பியிருக்கமாட்டேனா? அப்பாவை இல்லத்துல விட்டா என்னைக் கொலைகாரன்னு சொல்லுவேன்னு மிரட்டினது யாரு?"

"நீ சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொன்னேன்!"

தெருவே கூடிவிட்டது. காய்கறி வாங்கப் போனவர்கள் பையோடு நின்றார்கள். பெரியப்பா கடையில் இஸ்திரி போடுகிறவர் வேடிக்கை பார்க்கும் சுவாரசியத்தில் இஸ்திரிப்பெட்டியை ஒரு சட்டையின் முதுகிலேயே வைத்துவிட்டார். கருகல் வாசனை வந்தபிறகுதான் பெரியப்பா உள்ளே ஓடினார். ஓடும்போதும் "இதுக்கும் நீதான்டா காரணம்" என்று கத்திக்கொண்டேதான் ஓடினார்.

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிய கடுகு இந்த ஓரத்திலும் ஒட்டகம் அந்த ஓரத்திலும் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்கள். ஒட்டகம் தெருவைக் கடந்து வந்தாள்.

"திருப்தியா?" என்றாள், தமிழில்.

"ஆரம்பிச்சது நீ."

"பூட்டுன கதையை இழுத்தது யாரு? வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம் இல்ல?"

"நீ வீட்டுல போய் சொல்லாம இருந்திருக்கலாம்."

"நீ மட்டும் சொல்லாமலா இருந்தே?"

கேட்கவேண்டாம் என்று நினைத்ததையே கடுகு கேட்டாள். "என்னையும் ஏன் கூட்டிட்டுப் போகல?"

"தாத்தா வேணாம்னார். நீ உங்கப்பா செல்லம், போய்ச் சொல்லிடுவேன்னார்." ஒட்டகம் அதை அவளைக் குத்துவதற்காகத்தான் சொன்னாள். குத்தவும் செய்தது. சொல்லிவிட்டு அவள் தன் ஓரத்துக்கே திரும்பிப் போய் நடந்தாள்.

தேர்வு முடிவு வந்தபோது இருவருக்கும் வாய்மொழியில் ஒரே மதிப்பெண். மாவட்டத்திலேயே அதுதான் உச்சம் என்று டீச்சர் சொன்னார். சந்தோஷமாகச் சொல்லவில்லை. "இவ்வளவு இயல்பா எந்தப் பசங்களும் பேசிக் கேட்டதில்லைன்னு எழுதியிருக்காரு அந்த மிட்டாய் மனுஷன். உங்களுக்குத்தான் அதிர்ஷ்டம். எனக்கு ஆயுசுல பத்து வருஷம் போச்சு." ஒரு முடிவுக்கு வராததற்காக மட்டும் கொஞ்சம் கழித்திருந்தார்களாம்.

"அந்தப் பொண்ணுக்கும் இதே மார்க்கா?" என்று அப்பா ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு மதிப்பெண்ணைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை. ஒட்டகத்துக்கு வெளிநாட்டில் இயந்திரப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அவள் கிளம்பிய அன்று பெட்டியைக் காரில் ஏற்றும் சத்தம் மாடிவரை கேட்டது. கடுகு இறங்கிப் போகவில்லை. அவளும் மேலே பார்க்கவில்லை.

அடுத்த வாரம், கல்லூரி திறப்பதற்கு முன்னால், கடுகு பஸ் ஏறி டெப்போவில் இறங்கி, பின்னால் இருந்த அந்த இல்லத்துக்குப் போனாள். பொய்யாக இருக்கக்கூடாதா என்ற நப்பாசை அப்போதும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

மஞ்சள் சுண்ணாம்பு அடித்த சாதாரணக் கட்டடம். நடையில் மருந்து வாசனை. கூடத்தில் மூன்று கிழவர்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். விளையாடியதைவிடக் கத்தியதுதான் அதிகம்.

"யாரும்மா நீ? யாரைப் பாக்கணும்?" என்றார் ஒருவர். அவருக்கு முன்பல் இரண்டும் இல்லை.

"ஸ்டீம் லாண்டரிக்காரர் பேத்தி."

"அந்த ஏமாத்துக்காரனா!" கிழவர் சீட்டை மேஜையில் அறைந்தார். "ஆட்டத்தைப் பாதியில விட்டுட்டு, அடுத்த வாரம் வந்து முடிக்கிறேன்னு போனான். இங்கேயே வந்துடறேன், கட்டில் பாத்து வைன்னு வேற சொன்னான். வைக்கச் சொல்லி நானும் ஆபீஸ்ல போய் சண்டை போட்டேன். ஆளைக் காணோம். எங்க அவன்?"

"செத்துட்டார்."

பல் இல்லாதவர் தன் சீட்டுகளை ஒவ்வொன்றாக மேஜையில் கவிழ்த்து வைத்தார். பிறகு, "அவன் தோக்கற ஆட்டம் அது" என்றார். "அதான் தப்பிச்சுட்டான்."

"அவர் ஒண்ணும் தோத்திருக்கமாட்டார்" என்றாள் கடுகு. குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்தது.

"உனக்கு என்ன தெரியும்? விளையாடத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாதவ பேச வந்துட்டா. உக்காரு. நாலாவது ஆள் இல்லாம இவனுங்களோட மாரடிக்கிறேன்."

அவள் உட்கார்ந்தாள். ஜன்னலோரம் காலியாக ஒரு கட்டில் தெரிந்தது. அது தாத்தாவுக்காகப் பார்த்துவைத்ததா என்று அவள் கேட்கவில்லை. கிழவர் சீட்டைக் கலைத்துப் போட்டார். எந்தச் சீட்டை எப்போது இறக்கவேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வசவாகத்தான் வந்தது. இரண்டாவது ஆட்டத்தில் அவள் தப்பான சீட்டைப் போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கப் பார்த்தாள்.

"போட்டது போட்டதுதான்! கையை எடு! ரத்தத்துலயே ஏமாத்து இருக்கு பாரு!"

"நீங்க சரியா சொல்லிக்கொடுத்திருந்தா நான் ஏன் தப்பா போடறேன்?"

"வாயைப் பாரு இவளுக்கு!"

மற்ற இருவரும் சிரித்தார்கள். கிழவர் சிரிக்கவில்லை, அவளும் சிரிக்கவில்லை. மூன்று ஆட்டத்திலும் அவள் தோற்றாள். கடைசி ஆட்டத்தில் அவர்தான் ஏமாற்றினார் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும், அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தாள்.

"தைரியம் இருந்தா அடுத்த வாரம் வாடி!" என்று அவர் நடை வரைக்கும் கேட்கும்படி கத்தினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்தக் கிழவர் எந்தச் சீட்டை மடியில் ஒளித்துவைத்திருப்பார் என்று யோசித்துக்கொண்டே அவள் வீடு வந்து சேர்ந்தாள்.